மூன்றில் ஒன்று முடங்கினால்...

நாடி பார்க்காமல் மருந்து எழுதும் வைத்தியரிடம் நாம் செல்வதில்லை. "முதலில் இந்த மாத்திரையைச் சாப்பிடுங்கள், கேட்கவில்லையென்றால் வேறொன்று தருகிறேன், அதுவும் கேட்காவிட்டால் வயிற்றைத் திறந்து பார்த்துவிடலாம்" என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்தைவிட்டு உடனே எழுந்து வந்துவிடுவோம். ஆனால், வாசலில் நிற்கும் பழைய காருக்கு நோய் வந்தால் மட்டும் நம்மில் பலர் இதே வைத்தியத்திற்கு இசைந்துவிடுகின்றனர். பிளக்கை மாற்று, ஒயரை மாற்று, காயிலை மாற்று, கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவு என்று செலவு ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகிறது. இஞ்சினின் குலுக்கல் மட்டும் குறைவதில்லை.

பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்று கூறப்படும் இந்தக் கோளாறு, ஒரு லட்சம் கிலோமீட்டரைக் கடந்த வண்டிகளில் அடிக்கடி தலைகாட்டுவது. முறையாக ஆராய்ந்தால் ஒரு மணி நேரத்திற்குள் காரணத்தை நெருங்கிவிடலாம். முறையின்றி அலைந்தால் வண்டியின் விலையையே பழுதுச் செலவு விழுங்கிவிடும். வாப்பா வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய வண்டியாக இருக்கலாம். நடு இரவில் பிரசவத்திற்கு மருத்துவமனை செல்ல வீட்டார் நம்பியிருக்கும் ஒரே வாகனமாகவும் இருக்கலாம். ஆகவே, ஓட்டுபவர் மட்டுமன்றிக் குடும்பத்தினர் அனைவரும் இதன் அடிப்படையை அறிந்திருப்பது நல்லது.

மிஸ்ஸிங் என்பது என்ன?

நாம் நன்கறிந்த மாருதி 800 காரையே எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பரில் முதல் வண்டி விற்பனைக்கு வந்தது. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அதன் 796 சி.சி. இஞ்சினில் மூன்று சிலிண்டர்கள் உள்ளன. கிராங்க் தண்டு இரண்டு முறை சுழல்வதற்குள் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை பெட்ரோலையும் காற்றையும் உள்ளிழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளித்தள்ள வேண்டும். நிமிடத்திற்கு 3,000 சுற்று ஓடும்போது ஒரு சிலிண்டர் மட்டும் வினாடிக்கு 25 முறை எரிகிறது. இந்த எரிதல் இடையிடையே தவறுவதும், ஒரு சிலிண்டரில் அடியோடு நிகழாமற் போவதுமே மிஸ்ஸிங் ஆகும்.

நான்கு சிலிண்டர் வண்டியில் ஒன்று முடங்கினால் கால் பங்கு உழைப்பு போகிறது. மூன்று சிலிண்டர் வண்டியிலோ மூன்றில் ஒரு பங்கே போய்விடுகிறது. எனவேதான் மாருதி 800 நிற்கும்போதே ஸ்டீயரிங் முதல் இருக்கை வரை நடுங்குகிறது. மேம்பாலம் ஏற மறுக்கிறது. சைலன்சரில் 'புட் புட்' என்ற ஓசை கேட்கிறது.

எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

கோளாறின் பாதி விடை, அது தோன்றும் வேளையிலேயே இருக்கிறது. மழை நாளிலும் பனி படர்ந்த காலையிலும் மட்டும் மிஸ்ஸிங் வந்து, வெயில் ஏறியதும் மறைந்தால், வெடிப்புற்ற பிளக் ஒயர் அல்லது டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மீது ஐயம் கொள்ள வேண்டும். ஈரத்தின் வழியே மின்சாரம் வழிதவறிப் போகிறது. இருட்டில் பானட்டைத் திறந்து பார்த்தால் ஒயரின்மீது நீல நிறப் பொறி பாய்வது சில வேளைகளில் கண்ணுக்கே தெரியும். அப்போது ஒயர்களைக் கையால் தொடுதல் கூடாது.

இஞ்சின் நன்கு சூடேறிய பின்னர் மட்டும் வந்தால் காயிலையும், பாயிண்ட் உள்ள பழைய வண்டிகளில் கண்டென்சரையும் சோதிக்க வேண்டும். ஏற்றத்திலும், ஆட்கள் நிறைந்து செல்லும்போதும் வந்தால், பிளக்கின் இடைவெளி அகன்று பொறி வலுவிழந்திருக்கலாம். அடைபட்ட பில்டரால் பெட்ரோல் போதாமலும் இருக்கலாம். வண்டி நிற்கும்போது நடுங்கி, ஓடும்போது சீரானால், வெடித்த வேக்குவம் குழாய் வழியே அளவுக்கு மீறிக் காற்று புகுகிறதா, வால்வு சரியாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தக் குறிப்புகளை ஒரு தாளில் எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். "வண்டி சரியில்லை" என்று மட்டும் சொல்வதைவிட அது நூறு மடங்கு பயன் தரும்.

முதற்கேள்வி: எந்தச் சிலிண்டர்?

எந்தப் பாகம் கெட்டது என்று கேட்பதற்கு முன், எந்தச் சிலிண்டர் உழைக்கவில்லை என்று அறிய வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டிகளில், இஞ்சின் ஓடும்போது காப்பிடப்பட்ட இடுக்கியால் ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்ப்பது மெக்கானிக்குகளின் வழக்கம். நல்ல சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் இஞ்சின் தளர்ந்து மேலும் குலுங்கும். முடங்கிய சிலிண்டரின் ஒயரைக் கழற்றினால் எந்த மாற்றமும் தெரியாது. உழைக்காதவன் விடுப்பு எடுத்தால் வேலை குறையாதல்லவா!

உயர் அழுத்த மின்சாரம் பாயும் இடம் இது. பழகாதவர்கள் கைவைக்க வேண்டாம். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டர் பொருத்திய வண்டிகளில் ஒயரைக் கழற்றுவதற்குப் பதிலாக இன்ஜெக்டரின் இணைப்பைச் சிறிது நேரம் கழற்றிப் பார்ப்பதே பாதுகாப்பானது.

இரண்டாம் கேள்வி: மூன்றில் எது குறைவு?

ஒரு சிலிண்டர் எரிய மூன்று தேவை: தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், போதிய அழுத்தம். சிலிண்டர் இன்னதென்று தெரிந்தபின் இம்மூன்றில் எது குறைவு என்று காண வேண்டும்.

முதலில், ஆறிய இஞ்சினிலிருந்து பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்துப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நலத்தின் அடையாளம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. பெட்ரோலில் நனைந்திருந்தால் பொறி விழவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கிறது. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பெட்ரோல் போதாமல் சூடு மிகுந்திருக்கிறது.

அடுத்து, செலவேதும் இல்லாத ஒரு சோதனை உண்டு. அதுதான் இடம் மாற்றிப் பார்த்தல். முடங்கிய முதற் சிலிண்டரின் பிளக்கை இரண்டாவதிலும், இரண்டாவதன் பிளக்கை முதலாவதிலும் பொருத்துங்கள். மிஸ்ஸிங் இரண்டாம் சிலிண்டருக்கு இடம்பெயர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. முதற் சிலிண்டரிலேயே நின்றால் பிளக் நிரபராதி. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் காயிலும் இன்ஜெக்டரும் உள்ள வண்டிகளில் அவற்றையும் இவ்வாறே மாற்றிப் பார்க்கலாம். புதிய பாகம் எதையும் வாங்குவதற்கு முன்பே உண்மை வெளிப்பட்டுவிடும்.

பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தால் எஞ்சியிருப்பது அழுத்தம். கம்ப்ரஷன் கேஜ் வைத்து எல்லாச் சிலிண்டர்களையும் அளக்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று பத்து முதல் பதினைந்து விழுக்காட்டிற்கு மேல் வேறுபாடு இருந்தால் குறைந்த சிலிண்டரில் கோளாறு உண்டு. அதில் ஒரு தேக்கரண்டி இஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் ரிங் தேய்வு. உயராவிட்டால் பெரும்பாலும் வால்வுக் கசிவு. அடுத்தடுத்த இரு சிலிண்டர்களிலும் குறைந்திருந்தால் ஹெட் கேஸ்கட் வெந்திருக்கலாம்.

வால்வுக் கசிவு என்றதும் ஹெட்டைக் கழற்ற விரைய வேண்டாம். டாப்பெட் இடைவெளி குறைந்துபோனாலும் வால்வு முழுமையாக மூடாது. அதைச் சரிசெய்வது சிறு வேலையே. எரிவாயுவில் ஓடும் பழைய வண்டிகளில் வால்வு அமரும் பகுதி விரைவில் தேய்ந்து இந்த இடைவெளி குறையக்கூடும் என்பதால் அவற்றில் இதனை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

எச்சரிக்கும் விளக்கு

பிற்கால வண்டிகளில் கணினியே ஓரளவு நாடி பார்த்துவிடுகிறது. ஸ்கேனரை இணைத்தால் பி0301 என்ற எண் முதற் சிலிண்டரையும், பி0302 இரண்டாவதையும் சுட்டும். பி0300 வந்தால் மிஸ்ஸிங் ஒரே சிலிண்டரில் நிலைகொள்ளாமல் மாறி மாறி நிகழ்கிறது என்று பொருள். எல்லாச் சிலிண்டர்களுக்கும் பொதுவான பெட்ரோல் பம்ப், காற்றுக் கசிவு போன்றவற்றை அப்போது சோதிக்க வேண்டும். ஆனால் அந்த எண் இடத்தைத்தான் காட்டுகிறதேயன்றிக் காரணத்தைக் கூறுவதில்லை. "கம்ப்யூட்டர் காயிலை மாற்றச் சொல்கிறது" என்று யாரேனும் கூறினால், இடம் மாற்றிப் பார்த்தீர்களா என்று பணிவுடன் கேளுங்கள்.

டாஷ்போர்டில் இஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் பட்டறைக்குச் செல்லலாம். விட்டு விட்டு மின்னினால் கடுமையான மிஸ்ஸிங் நடக்கிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட வேண்டும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரில் சென்று எரிந்து அதனை உருக்கிவிடும். அதன் விலை ஒரு பிளக்கின் விலையைப் போலப் பன்மடங்கு.

விளக்கே இல்லாத பழைய வண்டிக்கும் தாமதம் ஆகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, கீழே இறங்கி இஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்கிறது. பிளக்கில் தொடங்கிய சிறு குறை, சில மாதங்களில் ரிங் தேய்வில் கொண்டுபோய் விடக்கூடும். பணத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. நெடுஞ்சாலையில் லாரியை முந்தும் வேளையில் இழுவை திடீரென்று விழுந்தால், உள்ளே இருப்பவர்களின் உயிருக்கு யார் பொறுப்பு?

பட்டறையில் கேட்க வேண்டியவை

மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தச் சிலிண்டர்? பொறியா, பெட்ரோலா, அழுத்தமா? அதை எவ்வாறு உறுதி செய்தீர்கள்? தொழில் தெரிந்தவர் இக்கேள்விகளால் வருந்தமாட்டார், மகிழ்ச்சியோடு விளக்குவார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டுப் பெறுங்கள். சோதனைக்காக அவர் செலவிட்ட நேரத்திற்கு உரிய கூலியை முகம் சுளிக்காமல் கொடுங்கள். பாகத்தின் விலையை உடனே கொடுத்துவிட்டு, காரணத்தைக் கண்டுபிடித்த அறிவுக்குப் பேரம் பேசுவது முறையன்று. அந்தக் கூலியை நாம் மறுப்பதால்தான் சில பட்டறைகள் ஊகத்தை நம்பிப் பாகங்களை விற்கத் தொடங்குகின்றன.

பழைய வண்டி பழையது என்பதற்காகவே வீணாகிவிடுவதில்லை. நோய் இன்னதென்று தெரிந்து மருந்து கொடுத்தால் இன்னும் பல ஆண்டுகள் அது குடும்பத்தைச் சுமந்து செல்லும்.