தென்னைக்கு விலை, வருஷத்துக்கு?

2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறிய கஜா புயல், கடலோரத்தோடு அடங்காமல் பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரை உட்புகுந்து தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, அந்த நஷ்டத்தின் பரிமாணம் வெளியுலகுக்கு உடனே தெரியவில்லை. எண்பதாயிரம் பேருக்கு மேல் முன்கூட்டியே முகாம்களில் சேர்த்த நிர்வாகத்தைப் பலரும் பாராட்டினார்கள், பாராட்டு நியாயமானதுதான். ஆனால் பாதைகள் அடைபட்டு, மின்கம்பங்கள் முறிந்து, தொலைபேசியும் ஓய்ந்துவிட்ட கிராமங்களிலிருந்து செய்தி வராததையே சேதமின்மைக்கு அத்தாட்சியாகக் கொண்டு, புயலைச் சமாளித்தாயிற்று என்ற அபிப்பிராயமும் அந்தப் பாராட்டோடு சேர்ந்தே பரவிவிட்டது.

இப்படிப் பிறர் பொருளையும் துயரத்தையும் சிறிதாக்கிப் பேசுவதற்கு ஆங்கிலத்தில் 'பிலிட்டில்' என்றொரு வினைச்சொல் உண்டு. அதை வழக்குக்குக் கொண்டுவந்த பெருமையை அமெரிக்காவின் தாமஸ் ஜெபர்சனுக்கு அளிப்பார்கள். புதிய கண்டத்து விலங்குகள் இயற்கையிலேயே சிறுத்தவை என்று, அந்த மண்ணை மிதித்தறியாத பிரெஞ்சுப் பண்டிதர் புபோன் எழுதிவைத்தார். அதை மறுக்கவே ஜெபர்சன், 1785-இல் பாரிஸில் அச்சான விர்ஜீனியா பற்றிய தம் நூலில் இச்சொல்லை ஆண்டு, இரு கண்டத்து விலங்குகளின் எடைகளையும் அட்டவணையிட்டுக் காட்டினார். அதுவும் போதாதென்று, 1787-இல் ஒரு பெரிய மூஸ் மானின் தோலையும் எலும்புகளையும் கப்பலில் தருவித்துப் புபோனுக்கே அனுப்பிவைத்தார். வாதாடியதோடு நில்லாமல் அளவைக் கொண்டுவந்து முன்வைத்தாரே, அதுவே எனக்கு விசேஷமாகப் படுகிறது.

நம் தென்னைக்கும் ஓர் அளவு வந்தது. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஹெக்டேருக்கு 175 மரம், ஆக 1,92,500 ரூபாய் என்று நிவாரணம் நிர்ணயமாயிற்று. கூட்டலில் பிழையில்லை, வருஷம்தான் அதில் இல்லை. இங்கோ வருஷங்களின் அளவே வேறு: 1934-இல் மேட்டூர்த் தண்ணீரோடு வந்த கல்லணைக் கால்வாயை, இங்குள்ளவர்கள் இன்றும் 'புது ஆறு' என்றே அழைக்கிறார்கள். அதன் பாசனத்தை நம்பி வாழும் பிரதேசம் இது. நெல் மூழ்கினால் அடுத்த போகம் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். நெட்டைத் தென்னம்பிள்ளையோ பாளை விடவே ஆறேழு வருஷம் ஆகும். பின்பு அறுபது வருஷத்துக்குக் குறையாமல் காய்த்து, தகப்பன் வைத்ததைப் பேரன் பறிக்கும் ஆஸ்தியாக நிற்கும்.

இதனினும் சங்கடம், இழந்தவர்களே இழப்பைக் குறைத்துச் சொல்லும் நம் பக்கத்துச் சுபாவம். "வாங்க, மொதல்ல ஒக்காருங்க, மோர் குடிங்க, என்னமோ நாலு மரம் போச்சு" என்று, தோப்பே தரையில் கிடக்கையில் சொல்லுகிறவர்களை நாம் அறிவோம். தன் துயரைத் தானே சுருக்கிக்கொள்வது மானமுள்ளவர்களின் தர்மம். அதை அப்படியே நம்பி நாலு என்று எழுதிக்கொண்டு போவது கேட்கிறவரின் அதர்மம். ஆகவே கணக்கெடுக்க வருகிறவர் திண்ணையோடு திரும்பாமல் தோப்புக்குள் நடக்க வேண்டும்; விழுந்தவற்றை எண்ணுவதோடு, நிற்பவற்றில் குருத்து முறிந்தவை எத்தனை என்று அண்ணாந்து பார்க்க வேண்டும்; அவர் கையிலுள்ள படிவத்தில் மரத்தின் வயதுக்கென்று ஒரு பத்தியும், அந்த வயதுக்கேற்ற தொகையும் இருக்க வேண்டும்.