முனையில்லா நாடா

மேலே படிக்கத் தொடங்குமுன் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு விரல் அகலமும் ஒரு சாண் நீளமும் உள்ள காகிதக் கீற்று ஒன்றைக் கத்தரித்து எடுங்கள். இரு முனைகளையும் நேரே சேர்த்து ஒட்டினால் வெறும் வளையம் கிடைக்கும். அதில் விந்தை ஏதுமில்லை. ஒரு முனையை மட்டும் புரட்டிவிட்டு, பிறகு சோற்றுப் பசையால் ஒட்டிப் பாருங்கள். இப்போது அதன் நடுவே பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே செல்லுங்கள். பென்சிலை எடுக்காமலேயே அக்கோடு காகிதத்தின் இருபுறமும் ஓடி, தொடங்கிய இடத்திற்கே வந்து சேரும். உள்ளே, வெளியே என்னும் வேற்றுமை அங்கே மறைந்துபோயிற்று! அக்கோட்டின் வழியே கத்தரித்தால் இரண்டு வளையங்கள் விழும் என்று எதிர்பார்ப்போம். விழுவதோ ஒரே நீண்ட வளையம்.

இந்தக் காகித விந்தையைக் கல்லாக்கி நிறுத்திய ஒருவரின் வரலாறே இக்கட்டுரை.

அடுப்பின் மேல் ஒரு சிற்பம்

மாக்ஸ் பில் 1908ஆம் ஆண்டு ஸ்விட்சர்லாந்து நாட்டின் விண்டர்தூர் நகரில் பிறந்தார். இளமையில் ஜூரிச் நகரில் வெள்ளி வேலை பயின்றார். 1927இல் ஜெர்மனியின் டெஸ்ஸாவ் நகரிலிருந்த புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடத்தில் மாணவராகச் சேர்ந்தார். காண்டின்ஸ்கி, கிளே போன்ற ஓவிய மேதைகள் அங்கே ஆசிரியர்களாக இருந்தனர். பின்னர் ஜூரிச் திரும்பி, கட்டடக் கலைஞராகவும், ஓவியராகவும், சிற்பியாகவும் தொழில் நடத்தினார்.

1935ஆம் ஆண்டளவில், மார்செல் புரோயர் என்னும் கட்டடக் கலைஞர் அவரிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார். கண்காட்சிக்கான மாதிரி வீடு ஒன்றில் கணப்பு அமையவிருந்தது. அது மின்சாரக் கணப்பு. ஆகவே தீச்சுடரின் ஆட்டம் அதில் இராது. அக்குறையைத் தீர்க்க, மேலெழும் வெப்பக் காற்றில் தானே சுழலும் சிற்பம் ஒன்று தொங்கவேண்டும். பில் காகிதக் கீற்றுகளை வளைத்தும் முறுக்கியும் பல நாள் முயன்றார். இறுதியில், நீங்கள் சற்றுமுன் ஒட்டிய அதே வளையம் அவர் கையில் உருவாயிற்று. உலகில் எவரும் காணாத வடிவத்தைத் தாம் கண்டதாகவே அவர் எண்ணினார். அதற்கு 'முனையில்லா நாடா' என்று பெயரிட்டார்.

முன்பே கண்டவர்

சில காலம் சென்றபின் உண்மை தெரிந்தது. மோபியஸ் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் 1858ஆம் ஆண்டிலேயே இவ்வடிவத்தை ஆராய்ந்திருந்தார். அதே ஆண்டில் லிஸ்டிங் என்பவரும் தனியே அதைக் கண்டிருந்தார். பில்லோ அவ்வடிவத்தைப் பற்றி அதற்குமுன் கேள்விப்பட்டதே இல்லை.

தம்முடையது என்று போற்றியது தமக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே பிறர் கண்டது என்று அறியும்போது யாருக்குத்தான் உள்ளம் சோராது? சிலர் உண்மையை மறைக்க முற்படுவர். சிலர் உளியையே எறிந்துவிடுவர். பில் இவ்விரண்டையும் செய்யவில்லை. தாம் கண்டது மோபியஸின் வடிவமே என்பதைத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட பின்னும் அவ்வடிவத்தைக் கைவிடவில்லை.

கணிதத்தில் அந்த நாடாவுக்குக் கனமும் இல்லை, எடையும் இல்லை. அது சிந்தனைக்கு மட்டும் புலப்படுவது. அதைக் கருங்கல்லில் வடிப்பதானால் எத்தனையோ கேள்விகள் எழுகின்றன. விளிம்பு எவ்வளவு தடித்திருக்க வேண்டும்? எந்த இடத்தில் தரையில் ஊன்றி நிற்கும்? ஒளி எங்கே தங்கி எங்கே நழுவும்? இவற்றுக்குச் சூத்திரம் விடை தராது. சிற்பியின் கண்ணும் கையுமே விடை காணவேண்டும். பில் பிற்காலத்தில் வடித்த கருங்கல் நாடா ஒன்று பாரிஸ் நகரின் பொம்பிடு கலைமையத்தில் உள்ளது.

சிதைந்ததும் எழுந்ததும்

1947இல் ஜூரிச் ஏரிக்கரையில், 'தொடர்ச்சி' என்னும் பெரிய சிற்பத்தைச் சாந்தினால் அமைத்தார். மறு ஆண்டே விஷமிகள் அதை உடைத்து நொறுக்கினர். அவர் ஓய்ந்துவிடவில்லை. கலைக்குக் கணிதச் சிந்தனை அடித்தளமாகலாம் என்று 1949இல் விரிவாக எழுதினார். கணக்குப் போட்டு விடை காண்பதை அவர் கருதவில்லை; ஒழுங்கையும் உறவையும் கண்ணால் காணச் செய்வதையே கருதினார். மூன்று வளைவுகள் ஒன்றாகப் பிணைந்த அவருடைய 'மும்மை ஒருமை' என்னும் எஃகுச் சிற்பம், 1951இல் பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் நடந்த முதல் பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் பரிசு பெற்றது. அந்நாட்டு இளங்கலைஞர் பலருக்கு அது புதுவழி காட்டிற்று.

உடைந்துபோன 'தொடர்ச்சி'யையும் அவர் மறக்கவில்லை. 1986இல், தமது 77ஆம் வயதில், அவ்வடிவத்தை ஒரே கருங்கற்பாறையிலிருந்து ஆளுயரத்திற்கு மேலாக மீண்டும் எழுப்பினார். ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில், பெரிய வங்கி ஒன்றின் கோபுரங்களின் முன் அது நிறுவப்பட்டது. சாந்தில் சிதைந்த கனவு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் கல்லில் நிலைபெற்றது. 1994இல் பில் காலமானார்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒருநாள், "நான் புதிதாக ஒன்று கண்டுபிடித்தேன்!" என்று ஓடிவரக்கூடும். அது உலகம் நெடுங்காலமாக அறிந்த செய்தியாகவே இருக்கலாம். "இது பழைய கதை" என்று கூறி அந்த முகத்தை வாடச் செய்யாதீர்கள். முன்பே கண்டவர் யார் என்பதை அன்போடு சொல்லிக்கொடுங்கள், அதனோடு, "இனி நீ இதை என்ன செய்யப் போகிறாய்?" என்றும் கேளுங்கள். உண்மை எவர் ஒருவருக்கும் தனிச்சொத்து அன்று. அதை முதலில் கண்டவர் மோபியஸாக இருக்கட்டும், லிஸ்டிங்காக இருக்கட்டும். அதைப் பாறையில் வடித்து, தெருவில் செல்வோரும் தொட்டுப் பார்க்கச் செய்தவர் மாக்ஸ் பில்.

பிள்ளைகளோடு அமர்ந்து இன்னொரு கீற்று கத்தரியுங்கள். இம்முறை கோட்டை நடுவில் இழுக்காமல், விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இழுத்து, அதன்மேல் வெட்டுங்கள். என்ன கிடைக்கும் என்பதை நான் சொல்லப்போவதில்லை. அதைக் கண்டுபிடிக்கும் மகிழ்ச்சி அவர்களுக்கே உரியதாகட்டும்.