குடைத்தொட்டியாகிய வடிகலம்

இறம்பொடையில் பழைய துரை பங்களா ஒன்றின் தலைவாயிலில், கொடியும் பூவும் புடைப்பாக அமைந்த கனத்த பாண்டம் குடைத்தொட்டியாக நிற்குமாயின், அதன் பூவேலையைக் கொண்டு அது அலங்காரப் பொருள் என முடிவுசெய்தல் தவறு. கல்லைப்போல் இறுகச் சுட்ட அப்பாண்டத்தின் அடியிலே குழாய்க்குரிய துளை உண்டா என்பதை முதலிற் பார்க்கவேண்டும். துளை இருப்பின், மதுப்பீப்பாய் என்பாரும் உளர். ஆனால் பீப்பாயின் வாய் தக்கைக்கு அடங்கும் சிறுவாய். இதன் வாயோ அகன்றது, மூடிக்குரியது. கையை விட்டுத் தடவினால் உட்புறத்தில் ஒரு விளிம்பு தட்டுப்படும். கரிக்கட்டி அமர்ந்த இடம் அதுவே. மேலே ஊற்றிய நீர் கரியினூடே கசிந்து கீழறையிற் சேர்ந்தது. அது குடிநீர் வடிகலம்.

19ஆம் நூற்றாண்டில் இலண்டன் லாம்பெத்திலிருந்த டோல்டன் நிறுவனம் இவற்றைச் செய்து விற்றது. தேம்சு நதியின் அழுக்குநீரும் வாந்திபேதியும் விளைத்த அச்சம் விற்பனையைப் பெருக்கிற்று. கரி கலங்கலையும் நாற்றத்தையும் குறைத்ததேயன்றிக் கிருமியைத் தடுக்கவில்லை. 1884இல் பாஸ்டரின் ஆய்வுகூடத்தைச் சார்ந்த சாம்பர்லான் நுண்துளைப் பீங்கான் வடிகுழாயை ஆக்கிய பின்னரே அது கைகூடிற்று.

மன்னார்க் கரையிலிருந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்த தொழிலாளர் பலரை வாந்திபேதி வழியிலேயே மாய்த்தது. எஞ்சி மலையேறியோருக்கு லயத்தருகே பீலித் தண்ணீர். வடிகலம் பங்களாவிலே நின்றது.