எந்த வழிக்கு எந்த விமானம்?

கும்பகோணத்திலிருந்து ஆகாய மார்க்கமாகச் சென்னைக்குச் செல்ல விரும்புகிறவர்கள் தஞ்சையைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்குப் போயாக வேண்டும். அங்கே, உடலுக்கு மேலே பொருந்திய இறக்கையில் ஆறு இதழ் விசிறிகள் இரண்டைத் தாங்கி நிற்கும் ஏ.டி.ஆர். விமானத்தைக் கண்டதும், ஜெட் யுகத்தில் இந்தப் பழமை எதற்கு என்று முகம் சுளிக்கிறவர்கள் பலர். அந்த அபிப்பிராயம் தவறானது.

திருச்சிக்கும் சென்னைக்கும் ஆகாய தூரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் என்னும் ஜெட்டின் வேகம் உயரத்தை எட்டிய பிறகே கைகூடுவதாலும், இக்குறுகிய வழியில் ஏறி முடிப்பதற்குள் இறங்கத் தொடங்க வேண்டியிருப்பதாலும், மணிக்கு 500 கிலோமீட்டர் செல்லும் ஏ.டி.ஆரைவிட அது மிச்சப்படுத்துவது சில நிமிஷங்களே. அதற்காக எரிக்கும் எரிபொருளோ மிக அதிகம். மேலும், 60 பிரயாணிகள் சேரும் வேளையில் இண்டிகோவின் 78 ஆசன ஏ.டி.ஆர். முக்கால் பங்கு நிறையும். 180 ஆசன ஏர்பஸ்ஸில் மூன்றில் இரண்டு பங்கு காலியாகக் கிடக்கும்.

ஓடுபாதையும் தன் தீர்ப்பைச் சொல்கிறது. 1,350 மீட்டர் பாதையே இருந்த வரையில் தூத்துக்குடிக்கு ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களே வந்தன. அது 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, 2025 ஜூலையில் புதிய முனையமும் திறக்கப்பட்ட பின்னரே பெரிய ஜெட்களுக்கு வழி பிறந்தது. யாழ்ப்பாணத்துப் பலாலிக்குத் தமிழகத்திலிருந்து ஏ.டி.ஆர். பறப்பதும் இக்காரணம் பற்றியே.

சிறிய ஜெட்களை நம்பியவர்களும் நம்மிடையே உண்டு. 80 ஆசனங்களுக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணம் இல்லை என்பதையும், 40 டன்னுக்குக் குறைந்தவற்றின் எரிபொருளுக்கு விற்பனை வரிச் சலுகை உண்டு என்பதையும் அனுசரித்து, 2005-இல் தொடங்கிய பாரமவுண்ட் ஏர்வேஸ் 70, 75 ஆசனங்கள் கொண்ட எம்ப்ரயர் ஜெட்களைத் தேர்ந்தது. விமானங்களைக் குத்தகைக்கு விட்டவர்களோடு எழுந்த வழக்குகளுக்கிடையே 2010-இல் அதன் சேவை நின்றது. 2013-இல் விஜயவாடாவிலிருந்து புறப்பட்ட ஏர் கோஸ்டா, 40 டன் வரம்பைத் தாண்டிய எம்ப்ரயர் 190-ஐயும் சேர்த்துக்கொண்டது; 2017-இல் அதுவும் ஓய்ந்தது. விமானி, பொறியாளர், உதிரிபாகம் ஆகிய அனைத்தும் வகைக்கு வகை வேறுபடுவதால், ஒரு புது வகையைச் சேர்ப்பது நிரந்தரச் செலவை ஏற்பதாகும்; சொற்ப விமானங்களே உடைய ஸ்தாபனத்துக்கு அப்பாரம் மிகக் கடுமையானது.

ஆதலால், தஞ்சை விமானப்படைத் தளத்திலிருந்து பிரயாணிகள் சேவை வேண்டுமென்று கேட்கும் நாம், பெரிய ஜெட் வருமா என்று விசாரிப்பதைவிட, நாள்தோறும் எத்தனை பேர் எந்த நேரத்தில் எங்கே செல்வர் என்பதைக் கணக்கிட்டு முன்வைப்பதே விவேகம். அந்தக் கணக்குக்கு இசைந்த சிறிய விமானமே காலை, மாலை இருவேளையும் தவறாமல் வந்து போகும்.