லேப்டாப் திரை இருட்டாயிடுச்சா? பணம் கொடுக்கும் முன் டார்ச் அடித்துப் பாருங்க!

சென்னை:-

லேப்டாப்பை ஆன் செய்தால் பேன் ஓடுகிறது. பவர் விளக்கு எரிகிறது. பாட்டு சத்தம் கூட கேட்கிறது. ஆனால் திரை மட்டும் கும்மிருட்டு.

காலையில் மகள் கல்லூரியில் பிராஜெக்ட் கொடுக்க வேண்டும். லேப்டாப் வாங்கிய தவணையே இன்னும் முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் ஆளாளுக்கு கையை பிசைகிறார்கள். மறுநாள் கடைக்கு தூக்கிக்கொண்டு ஓடினால், "டிஸ்பிளே போச்சு, மொத்தமா மாத்தணும்" என்று பதில் வருகிறது. சில ஆயிரம் ரூபாய் பழுத்து விடுகிறது.

பல நேரங்களில் இந்த செலவு தேவையே இல்லை. திரை நன்றாகத்தான் இருக்கும். அதன் பின்னால் எரியும் விளக்கு மட்டும் அணைந்திருக்கும். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்க செல்போன் டார்ச் ஒன்று போதும். இதுபற்றிய விவரம் வருமாறு:-

திரைக்கு பின்னால் ஒரு விளக்கு

பெரும்பாலான லேப்டாப்களில் இருப்பது எல்.சி.டி. திரை. இது தானாக ஒளி விடாது. பின்னால் இருந்து வரும் வெளிச்சத்தை எங்கே விடுவது, எங்கே மறைப்பது என்பதுதான் இதன் வேலை. அந்த காலத்து தியேட்டரில் பிலிம் ஓடினாலும், புரொஜக்டர் விளக்கு எரியாவிட்டால் படம் தெரியாது அல்லவா? அதே கதைதான் இங்கேயும்.

2010-ம் ஆண்டுக்கு முன்பு வந்த பெரும்பாலான லேப்டாப்களில், பேனா ரீபிள் போன்ற மெல்லிய டியூப்லைட்தான் இந்த விளக்கு. இதற்கு கரண்டு கொடுக்க, திரைக்கு கீழே விரல் நீளத்தில் இன்வெர்ட்டர் போர்டு இருக்கும். கரண்டு போனால் வீட்டில் ஓடும் இன்வெர்ட்டர் வேறு, இது வேறு. டியூப் எரியத் தொடங்கும் நேரத்தில் இந்த குட்டி போர்டில் இருந்து 1,000 வோல்ட்டுக்கும் மேல் கரண்டு பாயும்.

அதன்பின் வந்த லேப்டாப்களில் டியூப்லைட் போய் எல்.இ.டி. வந்து விட்டது. திரையின் கீழ் ஓரத்தில் குட்டி குட்டி விளக்குகள் வரிசையாக இருக்கும். இதில் இன்வெர்ட்டர் கிடையாது.

டார்ச் சோதனை

முதலில் கீபோர்டில் வெளிச்சத்தை கூட்டும் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். குழந்தைகள் தெரியாமல் குறைத்து வைத்திருக்கலாம். அதில் சரியாகாவிட்டால், சார்ஜரை கழற்றி விட்டு பவர் பட்டனை 30 வினாடி அழுத்திப் பிடித்து, மறுபடி ஆன் செய்யலாம். பேட்டரி கழற்றும் வகை என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

அதற்கும் மசியவில்லையா? அறை விளக்கை அணைத்து விட்டு, லேப்டாப்பை ஆன் செய்து ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு டார்ச்சை திரைக்கு பக்கத்தில் சாய்வாக பிடித்து, மெதுவாக நகர்த்திப் பார்க்க வேண்டும். எழுத்தோ படமோ மங்கலாக தெரிந்தால் திரை உயிரோடு இருக்கிறது, விளக்குதான் போய் விட்டது என்று அர்த்தம்.

அடுத்து டி.வி. சோதனை. எச்.டி.எம்.ஐ. ஒயர் மூலம் லேப்டாப்பை டி.வி.யில் மாட்ட வேண்டும். பழைய லேப்டாப் என்றால் வி.ஜி.ஏ. ஒயரில் கம்ப்யூட்டர் மானிட்டரோடு இணைக்கலாம். அங்கே படம் பளிச்சென்று வந்தால் மதர்போர்டு பற்றிய பயம் பெரும்பாலும் போய் விடும். பைல்களும் பத்திரம்.

டார்ச்சிலும் ஒன்றும் தெரியவில்லை, டி.வி.யிலும் படம் வரவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். ரேம், மதர்போர்டு என்று சோதிக்க வேண்டி வரும். டி.வி.யில் மட்டும் படம் வந்தால் திரைக்கு போகும் கேபிள், திரை, மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் சென்சார் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம். இந்த சென்சார் காந்தத்தில் வேலை செய்வது. காந்தம் வைத்த செல்போன் கவர் பக்கத்தில் இருந்தால் கூட ஏமாந்து விடும்.

எந்த அறிகுறிக்கு என்ன கோளாறு?

* மூடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது வெளிச்சம் வந்து வந்து போனால், கீல் வழியாக போகும் கேபிள் மீதுதான் முதல் சந்தேகம். தினமும் திறந்து மூடி அது நைந்திருக்கும்.

* பழைய லேப்டாப்பில் ஆன் செய்ததும் திரை சிவந்து தெரிந்தால் டியூப்லைட்டுக்கு வயதாகி விட்டது. ஒரு வினாடி எரிந்து அணைந்தால் டியூப் அல்லது இன்வெர்ட்டர்.

* எல்.இ.டி. வகையில் வெளிச்சம் துளிகூட வராவிட்டால் கேபிள், மதர்போர்டில் கடுகளவு இருக்கும் பியூஸ், விளக்குக்கு கரண்டு கொடுக்கும் சிப் ஆகியவற்றை வரிசையாக பார்க்க வேண்டும்.

கேபிள், இன்வெர்ட்டர், பியூஸ் எல்லாம் முழு திரையை விட மிகவும் மலிவு. எல்.இ.டி. வரிசையே போயிருந்தால்தான் பெரும்பாலும் திரையை மாற்ற வேண்டி வரும்.

லட்ச ரூபாய் லேப்டாப்புக்கும் இதே கதி

கேபிள் கோளாறு விலை குறைந்த லேப்டாப்பில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் நிறுவனம் 2016-ல் விற்பனைக்கு கொண்டு வந்த 13 அங்குல மேக்புக் புரோ, இந்தியாவில் லட்ச ரூபாய்க்கும் மேல் விலை. அதிலும் பின் விளக்கு கோளாறு வந்தது. நாடக மேடையில் கீழே இருந்து விளக்கு போட்டது போல திரையின் அடியில் வெளிச்ச திட்டுகள் தெரிந்தன. சிலருக்கு திரை மொத்தமாக இருண்டது. மூடியை திறந்து மூடும்போது மெல்லிய கேபிள் உரசி தேய்ந்ததே காரணம் என்று, லேப்டாப்களை பிரித்து ஆராயும் ஐபிக்சிட் நிறுவனம் சொன்னது. 2019-ம் ஆண்டு மே மாதம், பாதிக்கப்பட்ட லேப்டாப்களை இலவசமாக சரிசெய்து தரும் திட்டத்தை ஆப்பிள் அறிவித்தது.

கடையில் கேட்க வேண்டியவை

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு போனாலும், வீட்டு பக்கத்து கடைக்கு போனாலும் முதலில் சொல்ல வேண்டியது, "டார்ச் அடிச்சா படம் தெரியுது, டி.வி.யிலயும் வருது" என்பதுதான். விஷயம் தெரிந்தவர் என்று புரிந்தால் பேச்சே மாறும்.

கேபிளையும் பியூசையும் சோதித்தாச்சா என்று கேட்க வேண்டும். பியூஸ் போயிருந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். வெறும் ஒயரை வைத்து ஒட்டி அனுப்பினால், அடுத்த முறை பியூசுக்கு பதில் போர்டு கருகும். எதை மாற்றினாலும் பழைய பாகத்தை கையில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

திரையையே மாற்ற நேர்ந்தால், பழைய திரையின் பின்னால் உள்ள நம்பரோடு புதியதை ஒப்பிட வேண்டும். டியூப்லைட் வகைக்கு எல்.இ.டி. திரை அப்படியே பொருந்தாது. 30 பின், 40 பின் என்று கனெக்டரும் மாறும்.

வீட்டில் பிரிக்கலாமா?

கைப்பழக்கம் இல்லாதவர்கள் திரையை பிரிக்காமல் இருப்பதே நல்லது. பிரிப்பவர்கள் சார்ஜரையும் பேட்டரியையும் துண்டிக்காமல் திரை கேபிளை தொடவே கூடாது. கரண்டு இருக்கும்போது பிடுங்கினால் நல்ல பியூசும் போய் விடும். டியூப்லைட்டுக்குள் சிறிதளவு பாதரசம் உண்டு. உடைந்தால் வெறும் கையால் அள்ளக்கூடாது.

கடை திறக்கும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. லேப்டாப்பை டி.வி.யோடு இணைத்தபடியே வேலையை முடித்துக் கொள்ளலாம். மகளின் பிராஜெக்ட்டை அன்று ராத்திரியே பென் டிரைவில் ஏற்றி விடலாம். கடைக்கு நிதானமாக போகலாம்.