முற்றத்தில் ஒரு பெஞ்சு

மனநோய் என்றதும் உயர்ந்த மதிலும் பூட்டிய கதவுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றன. அந்த மதிலை நாடிப் போகுமுன், ஊர்ச் சுகாதார நிலையத்திலேயே துயருற்றவருக்குச் செவிகொடுக்க ஒருவர் இருந்தால் என்ன நிகழும்? இவ்வினாவுக்கு விடை தரும் ஓரிடத்தைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஆப்பிரிக்காவில், ஜிம்பாப்வேயின் தலைநகரான ஹராரேயில் டிக்ஸன் சிபாண்டா என்னும் மனநல மருத்துவர் பணியாற்றி வந்தார். அவரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண் ஒருத்தி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். மருத்துவமனைக்கு வரப் பேருந்துக் கட்டணம் இல்லை என்று அவள் தாய் பின்னர்க் கூறினார். மருத்துவர் இருந்தார், மருந்தும் இருந்தது, இடையிலிருந்த தொலைவு அவளைக் கொண்டுபோயிற்று.

2006-இல் ம்பாரே என்னும் ஏழை மக்கள் பகுதியில் அவர் புதுப் பணி ஒன்றைத் தொடங்கினார். மருத்துவ நிலையத்தில் அறை கிடைக்கவில்லை, செவிலியரும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள், அங்கே சுகாதாரத் தொண்டு செய்துவந்த 14 பாட்டிமார். முற்றத்து மர பெஞ்சே அவர்களுக்கு ஆலோசனைக் கூடமாயிற்று. அதற்கு முதலில் இட்ட பெயர் 'மனநல பெஞ்சு'. அதில் அமர எவரும் முன்வரவில்லை! பாட்டிமார் சொல்லித்தான் அது 'நட்பு பெஞ்சு' ஆயிற்று. மருத்துவருக்கே பாட்டிமார் பாடம் சொன்ன இக்கதை எனக்கு மிகவும் பிடித்தமானது.

'மனச்சோர்வு நோய்' என்ற பேச்சையே அவர்கள் எடுப்பதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றொரு சொல் உண்டு. அளவுக்கு மீறி நினைத்து நினைத்து வருந்துதல் என்பது அதன் பொருள். அச்சொல்லைச் சொன்னால் எவருக்கும் வெட்கம் இல்லை. உறக்கம் வருகிறதா, அற்பக் காரியத்துக்கும் அச்சம் தோன்றுகிறதா, உயிரை விட எண்ணம் எழுந்ததா என்பன போன்ற 14 வினாக்கள் முதலில் கேட்கப்படும். பின்னர், வந்தவர் தம் துயரையெல்லாம் கொட்டுவதைப் பாட்டி பொறுமையாகக் கேட்பார். அத்துயரங்களுள் ஒன்றை மட்டும் எடுத்து, அதற்கு என்ன செய்யலாம் என்று வந்தவரே முடிவு செய்யத் துணைநிற்பார். தாமே வழி சொல்லிவிடுவது பாட்டியின் வேலையன்று; கடினமான பகுதியும் அதுவே என்று நினைக்கிறேன். உயிருக்கு ஆபத்து உள்ளவரை மேற்சிகிச்சைக்கு அனுப்பிவிடுவர்.

இது வெறும் ஆறுதற் பேச்சுத்தானே என்று நீங்கள் ஐயுறலாம், நானும் ஐயுற்றேன். 24 நிலையங்களில் 573 பேரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியின் முடிவு 2016-இல் வெளிவந்தது. ஆறு மாதங்களுக்குப் பின், வழக்கமான கவனிப்புப் பெற்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மனச்சோர்வின் குறிகள் இருந்தன. பெஞ்சில் அமர்ந்தவருள் 100-க்கு 14 பேரிடமே இருந்தன.

கடும் மனநோய்க்கு இந்தப் பெஞ்சு போதாது. மருந்தும் மருத்துவரும் வேண்டும். ஆனால் அந்த இளம்பெண்ணைப் போன்றவர்கள் கட்டணமின்றி நடந்தே வந்து அமரக்கூடிய தொலைவில் அது போடப்பட்டிருக்கிறது.