வைக்கோலை அறுக்கும் இரண்டு குளூட்டமிக் அமிலங்கள்

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க அரசு முதலில் வைத்த கெடு 2030. பிறகு அதை 2025-26க்கு முன்கொண்டு வந்தார்கள். அதிலிருந்து நமக்கு வரும் கடிதங்கள் பலவும் ஒன்றையே கேட்கின்றன: “என் வண்டியில் ஓடுவது வைக்கோல் எத்தனாலா?”

அநேகமாக இல்லை. கரும்பும் அரிசியும் மக்காச்சோளமும்தான் எத்தனாலைத் தருகின்றன. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் திறந்த வைக்கோல் ஆலையின் திறன், அரசுக் கணக்கிலேயே, ஆண்டுக்குச் சுமார் 3 கோடி லிட்டர். 20 சதவீதத்துக்கு நாட்டின் தேவை சுமார் 1,000 கோடி லிட்டர் என்பதும் அரசுக் கணக்குதான். ‘கழிவிலிருந்து எரிபொருள்’ என்ற முழக்கத்தை இந்த இரண்டு எண்களோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

எத்தனாலுக்கு வேண்டிய சர்க்கரையாக உடைய வைக்கோல் ஏன் இவ்வளவு முரண்டு பிடிக்கிறது? வைக்கோலின் செல்லுலோஸில் குளூக்கோஸ்களைக் கோத்திருக்கும் கண்ணி அத்தனை உறுதி. அறை வெப்பத்தில் வெறும் தண்ணீரில் கிடந்தால், கண்ணிகளில் பாதி அறுபட 40 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சாலமன் தீவுகளில் அமெரிக்க ராணுவத்தின் கித்தான் துணிகளை அரித்த பூஞ்சை டிரைக்கோடெர்மா ரீசை. அதன் முக்கிய நொதியான செல்7ஏ, அதே கண்ணிகளை நொடிக்குச் சிலவாக அறுக்கிறது. அது அறுக்கும் விதம் எனக்கு இன்றும் வியப்பு.

இந்த நொதியின் உடலில் சுமார் 50 ஆங்ஸ்ட்ராம் நீளத்துக்கு ஒரு சுரங்கம். ஊசிக் காதில் நூல் கோப்பதுபோல் செல்லுலோஸ் இழையின் நுனி அதற்குள் நுழைகிறது. டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தின் தட்டையான வளையங்கள் சர்க்கரை வளையங்கள்மேல் படிந்து இழையைப் பிடித்துக்கொள்கின்றன. அறுக்கும் இடத்தில், இழைக்கு இருபுறமும் இரண்டு குளூட்டமிக் அமிலங்கள்: நொதியின் அமினோ அமில வரிசையில் 212ஆவது, 217ஆவது. இரண்டின் பக்கத் தொகுதியும் ஒரே கார்பாக்சில்தான். ஆனால் சுற்றியுள்ள அண்டையார் வேறு. அதனால் 217 ஒரு புரோட்டானை வைத்திருக்கிறது. 212 அதை இழந்து எதிர்மின்னோடு நிற்கிறது.

217 தன் புரோட்டானைக் கண்ணியின் ஆக்சிஜனுக்குக் கொடுக்க, 212 மறுபுறத்திலிருந்து கார்பனைத் தாக்கித் தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. கண்ணி அறுந்து, செல்லோபயோஸ் என்ற இரட்டைச் சர்க்கரை பிரிகிறது. இழையின் ஒரு முனை இப்போது 212இல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே ஒரு நீர் மூலக்கூறு வருகிறது. சற்றுமுன் புரோட்டானைக் கொடுத்த அதே 217, இப்போது அந்த நீரிடமிருந்து ஒன்றை வாங்கிக்கொள்கிறது. எஞ்சிய ஹைட்ராக்சில் கார்பனில் சேர, 212 விடுபடுகிறது. இரண்டும் பழைய நிலையில், அடுத்த வெட்டுக்குத் தயார்.

இந்தக் கார்பாக்சில் தொகுதிகளில் ஒரு ஆக்சிஜன் இருந்த இடத்தில் நைட்ரஜனை வைத்துப் பார்த்தார்கள். உருவ அளவு ஏறக்குறைய மாறவில்லை. வேகம் பல நூறு மடங்குக்கு மேல் சரிந்தது. ஆலைத் தொட்டியில் பிஎச் 5 அளவில் இருக்க வேண்டியதும் இந்தப் புரோட்டான் கணக்கால்தான். அமிலம் கூடினால் 212 புரோட்டானை ஏற்றுக்கொள்ளும். காரம் கூடினால் 217 அதை இழந்துவிடும்.

என்னை உறுத்துவது இதற்கு அடுத்த கட்டம். பிரிந்த செல்லோபயோஸ் சுரங்க வாயிலிலேயே தங்கி அடுத்த வெட்டைத் தடுக்கிறது. இழையில் மேடு குறுக்கிட்டால் நொதி முன்னேறவும் முடியாது, எளிதில் கழன்று வரவும் முடியாது. பின்னால் வரும் நொதிகளும் வரிசையாக நின்றுவிடுகின்றன. டோக்கியோ ஆய்வாளர்கள் இந்த நெரிசலை அணுவிசை நுண்ணோக்கியில் படமாகவே பிடித்திருக்கிறார்கள். அதனால்தான் ஆலைகள் நொதியை ஏராளமாகக் கொட்டுகின்றன, செலவும் ஏறுகிறது. ‘அதிவேக நொதி’ என்ற விளம்பரங்கள் இந்தத் தேக்கத்தைச் சொல்வதில்லை.

மற்றக் கேள்விகள்:

வயலுக்கு இடும் டிரைக்கோடெர்மா விரிடியும் இந்த ரீசையும் ஒன்றா? ஒரே பேரினம், வேறு இனம்.

நொதி மட்டும் போதுமா? போதாது, முதலில் வெப்பமும் அமிலமும் கொண்டு செல்லுலோஸைச் சூழ்ந்திருக்கும் லிக்னினின் பிடியைத் தளர்த்த வேண்டும்.

வெளிநாட்டில் வென்றதா? 2022க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி காலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று அமெரிக்கா 2007இல் சட்டமே போட்டது. அதன் அருகில்கூடப் போகவில்லை.

அடுத்த ஆலைத் திறப்பு விழாவில் நிறுவு திறனைச் சொல்வார்கள். ஒரு டன் வைக்கோலுக்கு எவ்வளவு நொதி செலவானது, எத்தனை லிட்டர் எத்தனால் ஆலை வாயிலைத் தாண்டியது என்று கேளுங்கள்.